வளைவில் ஒரு தும்மல்

அவர் வந்திருந்தார். யாருக்கும் தெரியவில்லை.

இந்த எஸ்டேட்டில் நாலு வருடமாக அப்படி நடந்ததில்லை. மேனேஜர் துரை வருகிறார் என்பதை அவருடைய பழைய மலைப்பாதை ஜீப் இரண்டு மேடு தள்ளி வரும்போதே அறிவித்துவிடும்.

இன்று வளைவில் ஜீப்பை அணைத்துவிட்டு, மரத்துக்குப் பின்னால் நின்றார்.

ஒளிந்துகொள்ளும் எண்ணமெல்லாம் இல்லை. மேலே சிரிப்புச் சத்தம் கேட்டது. கால் தானாக நின்றுவிட்டது.

அவருடைய காட்டில் சிரிப்பா?

தப்பித்தவறி அடுத்த எஸ்டேட்டுக்குள் வந்துவிட்டோமோ என்று நம்பர் கல்லைப் பார்த்தார்.

பன்னிரண்டு.

அவருடைய தேயிலைக் காடுதான். நாளைக்கு டைரக்டரை அழைத்து வரப்போகிற காடு. ‘எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், என் காட்டில் ஒரு கை சும்மா இருக்காது’ என்று அவரே கடிதம் எழுதியிருந்தார். எழுதுகிறவர்கள் எழுதுவதுதான். டைரக்டர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஜீப்பைச் சரிசெய்ததும் அதற்காகத்தான். போன முறை டைரக்டர் எஸ்டேட் முழுவதையும் காதைப் பொத்திக்கொண்டே பார்த்தார்.

மேனிஃபோல்டில் விரிசல். இன்ஜின் புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகிற வார்ப்பிரும்புக் குழாய். நாலு வருடமாக வெடித்துக் கிடந்தது. அந்தச் சத்தத்தை வண்டியின் கம்பீரம் என்று அவர் நினைத்திருந்தார். கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

டவுனில் மெக்கானிக் காதர் பாய் இரண்டு நாள் மல்லுக்கட்டினார். துருவேறிய நட்டுகள் கழல மறுத்தன. இரண்டு போல்ட்டுகள் உள்ளேயே முறிந்து, துளை போட்டு எடுக்க வேண்டியதாயிற்று. புதியதை மாட்டிவிட்டு, பழையதைச் சாக்கில் சுற்றிப் பின் சீட்டில் வைத்தார்.

“இத்தன நாளு வண்டி கத்துச்சு சார். இனிமே ஓடும்.”

ஓடியது. தையல் மெஷின் மாதிரி.

மேலே, கொழுந்து வெட்டும் கத்தரிகள் செடிகளின்மேல் படுத்திருந்தன. பெண்கள் பாதையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சவரியம்மாள். எஸ்டேட்டிலேயே வாயில்லாப்பூச்சி என்று அவர் முடிவு கட்டியிருந்தவள்.

அவள் தலையில் தூக்குவாளி மூடி. கக்கத்தில் ஒரு குச்சி. இல்லாத தொப்பையை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தாள். ஒரு செடியருகே நின்றாள். கொழுந்தைக் கிள்ளி மூக்கில் வைத்து, கண்ணை மூடி, “ம்ம்ம்” என்றாள்.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவருக்கு விளங்கவில்லை. யாரைப் போலச் செய்து காட்டுகிறாள்? எங்கேயோ பார்த்த ஆள் போலத்தான் இருந்தது.

தற்செயலாகத் தன் கையைப் பார்த்தார்.

விரல்களுக்கு நடுவே ஒரு கொழுந்து.

எப்போது கிள்ளினார்? சைனஸ் வந்ததிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரிவதில்லையே.

சவரியம்மாள் குரலைக் கனமாக்கினாள். “ஞானப்பிரகாசம்! இது என் கோட்டை. இங்க ஒரு எலை அசைஞ்சாலும் எனக்குத் தெரியும்!”

“தெரியுமுங்க தொரை.”

சூப்பர்வைசர் ஞானப்பிரகாசம் படுத்த வாக்கிலேயே கும்பிட்டான். தினமும் சாயங்காலம் அவரிடம் வந்து கும்பிடுகிற அதே கும்பிடு.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கே போய்த் தொலைந்தது என்று தேடினார்.

“யக்கா, வண்டி! வண்டி வர்றத செய்யி!”

சவரியம்மாள் கன்னத்தை உப்பினாள்.

“டப் டப் டப் டப்…”

அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள். கத்தரிகள் கைக்கு வந்தன. வரிசை நேரானது. தலைகள் குனிந்தன.

அவர் தினமும் பார்க்கிற பன்னிரண்டாம் நம்பர் காடு, அவர் கண்ணெதிரிலேயே, இரண்டு மூச்சில் தயாரானது.

“போக்கா. வளைவுல ஒரு தும்மல் போடும்ல, அத விட்டுட்டியே!”

“அட, ஆமால்ல. டப் டப் டப்… ட்டார்!”

மறுபடி சிரிப்பு. கத்தரிகள் மறுபடி செடிமேல் படுத்தன.

அவர் பூனைநடை நடந்து ஜீப்புக்குத் திரும்பினார்.

மேலே போய் நின்றால், பார்த்துவிட்டார் என்று ஆகிவிடும். திரும்பிப் போனால், நாளைக்கு இதே வண்டியில், இதே வளைவில், டைரக்டர் பார்ப்பார்.

வண்டியைக் கிளப்பி ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

மேலிருந்து ஒரு குரல் வந்தது. “பால் வண்டி போவுது போல.”

அணைத்தார்.

கை ஹாரனுக்குப் போனது. எதிரே பலகை. ‘யானை வழித்தடம். ஹாரன் அடிக்காதீர். மீறினால் கடும் நடவடிக்கை.’ கீழே அவருடைய கையெழுத்து. அதைப் பெரிதாக எழுதச் சொன்னதும் அவர்தான்.

பின் சீட்டுச் சாக்கைப் பிரித்தார். பழைய மேனிஃபோல்டைத் தடவிப் பார்த்தார். விரிசலுக்குள் சுண்டுவிரல் நுழைந்தது.

இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

கன்னத்தை உப்பினார்.

“டப். டப். டப்.”

மேலே சிரிப்பு நின்றது.

“டப் டப் டப் டப்.”

“ஏ, தொரைடி!”

“இருங்கடி.” சவரியம்மாளின் குரல். “இது நம்ம தொரை வண்டி இல்ல. வளைவுல தும்மவே இல்லியே?”

மேலே காத்திருந்தார்கள்.

கீழே அவரும் காத்திருந்தார்.

பிறகு தும்மினார்.

“ட்டார்!”

மேலே கத்தரிகள் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கின. சரக். சரக். சரக்.

அவர் நிறுத்தவில்லை.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை.