டாக்டரின் குறட்டை

மாலை ஐந்தே கால். நான்காவது முறையாக ‘ஹாரன்’ மனநல டாக்டரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஹாரன் என்பது டிப்போவில் வைத்த பேர். அவர் ஓட்டும் பஸ்ஸுக்கு ஹாரனே வேண்டாம், டிரைவர் வாயே போதும் என்பார்கள். இரண்டு மாதம் முன்னால் ஒரு குழந்தை பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடிவந்தது. சரியான நேரத்தில் பிரேக் பிடித்துவிட்டார். குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. இவருக்குத்தான் வாய் அடைத்துப்போயிற்று. டிரைவர் ஸீட்டில் ஏறவே மறுத்துவிட்டார்.

ஜூன் பத்துக்குள் பஸ் எடுக்காவிட்டால் வேலை இல்லை என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே குறட்டைச் சத்தம்.

பேசச் சொல்லி அனுப்பினால் போய்த் தூங்குகிறாரே மனுஷன்! கதவைத் தள்ளினாள்.

தூங்கியது டாக்டர். தலை சாய்ந்து, வாய் பிளந்து, சுகமான தூக்கம்.

ஹாரன் உதட்டில் விரல் வைத்தார். “மெதுவா. பாவம், அசந்துட்டார்.”

ஹாரன் ஸ்கூட்டரை எடுக்கப் போனதும் அவள் டாக்டரை எழுப்பிப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் டாக்டர், உங்களைத் தூங்கவைக்கவா எங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தேன்?”

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள், சாப்பிட்ட மயக்கத்தில், நிஜமாகவே கண்ணயர்ந்துவிட்டாராம். விழிப்பு வந்தபோது எதிரே பேச்சுக் குரல். கண்ணைத் திறந்தார், குரல் நின்றது. மறுபடி மூடினார், தொடர்ந்தது.

“அன்னிக்கு பஸ்ல இருந்த அத்தனை கண்ணும் அவரையே பார்த்துதும்மா. இன்னும் ரெண்டு கண்ணு எதுக்கு? குறட்டை விட்டுக்கிட்டே ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டுதான் இருக்கேன்.”

அவள் கோபம் இறங்கியது. “அப்படி என்னதான் சொன்னார்?”

“அதை அவர் வாயாலயே கேட்டுக்குங்க.”

“என்கிட்ட எங்க வாயைத் திறக்கறார்?”

“உங்களுக்குக் குறட்டை விட வருமா?”

“நடிக்கவே வேண்டாம்னு அவர் சொல்வார்.”

ஜூன் ஒன்பது, திங்கட்கிழமை. காலை ஐந்தரை மணி பஸ்ஸை ஹாரன்தான் எடுத்தார். டிரைவருக்குப் பின் ஸீட்டில் டாக்டர். அன்று அவர் நடிக்கவில்லை. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி மூன்று ஸ்டாப் தூங்கிவிட்டார்.