இரண்டாவது நம்பர்

'தள்ளிவிட்டு மேலே போ' என்று எழுதினாள்.

அழித்தாள்.

மறுபடி எழுதினாள்.

நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் அறையில் சாப்பாட்டு நேரம். எல்லாரும் சாப்பிட்டுக் கையலம்பப் போய்விட்டார்கள். மீன் குழம்பு வாசம் மட்டும் போகவில்லை. அவள் இன்னும் டப்பாவைத் திறக்கவேயில்லை.

ஊர் ஊராக நடக்கும் இலவச முகாம்களில் பதிகிற பெயர்களெல்லாம் இங்கே ஃபைலாக வந்து சேரும். பெயர், ஊர், நோய், போன் நம்பர். ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம், நடுவில் கமா. அந்த ஃபைல்களைப் படிக்கவும் எழுதவும் இனி ஒரே பொது நிரல்; லைப்ரரி என்பார்கள். வரவேற்பு மேஜை முதல் ஆபரேஷன் தியேட்டர் வரை எல்லா புரோகிராமும் அதைத்தான் நம்பியிருக்கும். அதை எழுதும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து வருஷம்கூடத் திரும்பவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு முடிவு மட்டும் பாக்கி.

நான்கு கட்டம் இருக்க வேண்டிய வரியில் ஐந்து வந்தால்?

பழைய புரோகிராமுக்கு இதில் குழப்பமே கிடையாது. அந்த வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, யாரும் கேட்டதில்லை. தள்ளப்பட்டவர்கள் எப்படிக் கேட்பார்கள், பாவம். அவர்களுக்குத் தெரியவே தெரியாதே.

ரெஜின் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தார். அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு.

"இதுக்கா கிடந்து மண்டைய உடைக்கே, பெனிட்டா? பழையதுபோலத் தள்ளிட்டுப் போ பிள்ளே. கேம்ப்ல இருக்க பிள்ளையளு அவசரத்துல அடிக்கது. குப்பை, கேட்டியா."

குப்பை.

இருக்கலாம். ஆனால் குப்பையையும் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுக் கொட்டுவதுதான் அவள் வீட்டு வழக்கம். அப்படித்தான் அம்மாவுக்கு ஒற்றைக் கம்மல் திரும்பக் கிடைத்தது.

பழைய ஃபைல்களில் ஐந்து கட்டமாக உடைந்திருந்த வரிகளை மட்டும் தனியே எடுத்தாள்.

பெயர் சரி. ஊர் சரி. நோய் சரி. போன் நம்பர் சரி.

பிறகு ஒரு கமா. இன்னொரு போன் நம்பர்.

அடுத்த வரியும் அப்படி. அதற்கடுத்ததும்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் இப்படித்தான். எங்கே நம்பர் கேட்டாலும் தன்னுடையதைச் சொல்லி முடிக்குமுன் ஆரம்பித்துவிடுவாள். "எனக்க போன்ல சார்ஜ் நிக்காது. பக்கத்து வீட்டு நம்பரையும் எழுதிக்கிடுங்க." ஊரில் பாதிப் பேர் அப்படித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

இரண்டு நம்பர் கொடுக்கிறவர்கள் யார்?

கூப்பிடும்போது எடுக்க முடியாமல் போய்விடுமோ என்று பதறுகிறவர்கள். அந்த அழைப்புக்காகவே உட்கார்ந்திருக்கிறவர்கள்.

அவர்களையல்லவா பொறுக்கிப் பொறுக்கித் தள்ளியிருக்கிறது இந்தக் கழுதை!

முதல் வரியை மறுபடி படித்தாள்.

பிலோமினா. முட்டம். கருவிழி மாற்று.

முகாம் நடந்தது போன கிறிஸ்துமசுக்கு முன்னால். யாராவது கண்தானம் செய்தால் கூப்பிடுவோம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பிலோமினாவுக்குப் பிறகு பதிந்தவர்கள் பலர் ஆபரேஷன் முடிந்து, கட்டுப் பிரித்து, பஸ் நம்பரைத் தாங்களே படித்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வெளியே சித்திரை வெயில்.

"அண்ணா, இது குப்பை இல்ல. ஆளு."

ரெஜின் அண்ணன் குனிந்து படித்தார். ஒவ்வொரு வரியாகப் படித்தார். கைக்குட்டை கையிலேயே இருந்தது.

"எனக்க ஏசுவே" என்றார்.

அவள் 'தள்ளிவிட்டு மேலே போ' என்பதை அழித்தாள். இந்தத் தடவை கை தயங்கவில்லை.

'எந்த வரியையும் தள்ளாதே. வந்தது வந்தபடி எடுத்து வை. ஒரு மனிதர் வந்து பார்க்கும்வரை எச்சரித்துக்கொண்டே இரு.'

அதன் கீழே இன்னொன்றும் சேர்த்தாள்: எழுதும்போது, இரண்டு நம்பர் இருந்தால் மேற்கோள் குறிக்குள் வைத்து ஒரே கட்டமாக எழுது. இனி எந்த கமாவும் அதை உடைக்காது.

ரெஜின் அண்ணன் மேஜை போனை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீயே கூப்பிடு மக்ளே. நாளைக்கே வரச் சொல்லு. அடுத்து வார கருவிழி அவங்களுக்குத்தான். டாக்டர்கிட்ட நான் பேசுதேன்."

முதல் நம்பர் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பின்னே, சார்ஜ் நிற்காதே.

இரண்டாவது நம்பர்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் வாய்க்குள் ஜெபம் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.

"ஆரு?" ஒரு பெண் குரல், பின்னால் கோழிச் சத்தம்.

"கண் ஆஸ்பத்திரியில இருந்து பேசுதேன். பிலோமினான்னு..."

அதற்கு மேல் அவளைப் பேசவிடவில்லை. அந்தப் பக்கம் கிளம்பிய கூப்பாட்டில் அவள் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"ஏட்டி பிலோமினா! வந்துட்டுட்டி! நான் அப்பமே சொன்னம்லா! ஆஸ்பத்திரி போனு வந்துட்டு!"

எங்கோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. கதவு திறந்தது.

பிறகு அதே குரல், இப்போது தணிந்து.

"ஓடாதட்டி. படி இருக்கு. நில்லு, நான் வந்து கையைப் பிடிக்கேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவள் காத்திருந்தாள்.