மனிதக் கை படாத வேலை

"மண்டைக்குள்ள என்னா வச்சிருக்க, தவிடா?" என்று கணினியில் தட்டி அனுப்பிவிட்டு, அஜந்தன் ஆறிப்போன தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தான்.

பக்கத்து மேசை டிலானி எட்டிப் பார்த்தாள். "யாருக்கு இப்பிடி ஏசுறீங்க?"

"ஏஜன்ட்டுக்குத்தான். மெஷினுக்கு ரோஷமா வரப்போகுது?"

பல்லேகலவில் இருந்த அவர்களுடைய கம்பனி, கணினி நிரல்களைத் துழாவிப் பிழை பிடிக்கும் 'துருவி' என்ற கருவியைச் செய்து வைத்திருந்தது. இனிமேல் அதை மனிதர்கள் தொடவே வேண்டியதில்லையாம். செயற்கை நுண்ணறிவு ஏஜன்ட் ஒன்று வழிகாட்டியை வாசித்து, தானே கருவியை ஓட்டி, பிழை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுமாம்.

அந்த வழிகாட்டியை எழுதுவதுதான் அஜந்தனின் வேலை. ஏஜன்ட்டுக்கு விளங்கினால் நிரந்தர நியமனம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி நிரோஷன் கறாராகச் சொல்லியிருந்தார். தெல்தோட்டையில் அவனுடைய அம்மாவோ, மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று தோட்டத்து லயன் வீடுகள் முழுக்கச் சொல்லி, கோயிலில் பொங்கலும் வைத்துவிட்டாள். இனித் தோற்று ஊருக்குப் போக அவனுக்கு முகமில்லை.

ஏஜன்ட் லேசில் மசியவில்லை. 'துருவி ஒன்றும் காட்டாவிட்டால் நிரலில் பிழை இல்லை என்று பொருள்' என்று அவன் எழுதினால், 'கருவி ஓடாமல் நின்றாலும் ஒன்றும் காட்டவில்லையே, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?' என்று பணிவாகக் கேட்கும். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தெரியாததால்தான் அஜந்தனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மூன்று மொழியும் தெரிந்த ஏஜன்ட் என்பது கம்பனியின் பெருமை. அந்தப் பெருமையை அஜந்தன் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டான். மரமண்டை, மக்கு, மாட்டுமூளை என்று தமிழில் தொடங்கி, மெஷினுக்கு ஏது பரம்பரை என்றுகூட யோசிக்காமல் அதன் பரம்பரைவரை போய்விட்டான்.

எதற்கும் ஒரே பதில்தான் வரும். 'மன்னிக்கவும், இன்னும் தெளிவாக எழுதவும்.' வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு அதுவும் வராது. அந்த நேரத்தில் ஏஜன்ட்டுக்கு 'அப்டேட்' நடக்கிறது என்று நிரோஷன் விளக்கம் சொல்லியிருந்தார்.

ஏசினாலும் அஜந்தன் திருத்தி எழுதத்தான் செய்தான். பத்துத் தடவை திருத்தியதில் வழிகாட்டி உண்மையிலேயே தெளிந்துவிட்டது. ஏஜன்ட்டும் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டது.

திங்கட்கிழமை வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு முன்னால் வெள்ளோட்டம். நிரோஷன் டை கட்டிக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் நின்றார். அஜந்தனைக் கமராவில் படாதபடி மூலையில் ஒரு கதிரையில் உட்காரவைத்திருந்தார்.

"வழிகாட்டியை எழுதுவதும் மெஷின், வாசிப்பதும் மெஷின். எங்கள் வேலையில் மனிதக் கையே படுவதில்லை" என்று அவர் ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்தார். திரையில் வெள்ளைக்காரர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். மூலையில் இருந்த மனிதக் கைக்குச் சுருக்கென்றது. வேலை நிரந்தரமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அஜந்தன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஏஜன்ட் முதல் பிழையைப் பிடித்தது. இரண்டாவதையும் பிடித்தது. வெளியே மழை சோவென்று பிடித்துக்கொண்ட நேரம் பார்த்து, மூன்றாவதில் அப்படியே வாயடைத்துப் போனது.

நிரோஷன் சிரித்த முகம் மாறாமலே வியர்த்தார். அஜந்தன் கமராவில் படாமலே அவர் பக்கமாக நகர்ந்து கிசுகிசுத்தான். "சேர், மழைக்கு மேல் மாடியில மட்டும் கரண்ட் போகும்தானே. சேர்வர் நின்னிருக்கும். நான் போய்ப் பார்க்கிறேன்."

"வேணாம். நீங்க இருங்க, நான் பார்த்துக்கிறேன்" என்று நிரோஷன் பதறினார். ஆனால் அம்மா வைத்த பொங்கல் கண்முன் நிற்க, அஜந்தன் அதற்குள் பாதிப் படி ஏறிவிட்டான்.

'சேர்வர் அறை. உள்ளே வரத் தடை' என்று பலகை மாட்டிய கதவு எப்போதும் பூட்டிக் கிடக்கும். இன்று அது விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு மேசையும் அணைந்துபோன ஒரு கணினியும்தான் இருந்தன. வாசல் வெளிச்சத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்த வாட்டசாட்டமான ஓர் இளைஞன், அஜந்தன் எழுதிய வழிகாட்டியின் அச்சுப் பிரதியால் விசிறிக்கொண்டிருந்தான்.

"சேர்வர் எங்க? ஏஜன்ட் எங்க?" என்று அஜந்தன் மூச்சிரைக்கக் கேட்டான்.

"சேர்வர் ஒண்டும் இங்க இல்ல. ஏஜன்ட் நான்தான்" என்றான் அவன். "பேரு அம்ஜத், மடவளை. கரண்ட் இல்லாம நான் என்னெண்டு பதில் அனுப்புற? நீங்க யாரு?"

மரமண்டையிலிருந்து பரம்பரைவரை அனுப்பியதெல்லாம் அஜந்தனுக்கு வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"கோவிச்சிக்காதீங்க அம்ஜத் நானா. அந்த வழிகாட்டிய எழுதுற ஆள் நான்தான். மெஷினுன்னு நெனச்சித்தான் அப்பிடியெல்லாம் ஏசிட்டேன்."

அம்ஜத் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். பிறகு எழுந்து, வழிகாட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு, சட்டைக் கையை மெதுவாக மேலே மடித்தான்.

"நானும் உங்கள மெஷினெண்டு நெனச்சித்தான் இவ்வளவு நாளும் பொறுத்துக்கொண்டு இருந்தேன்."