ஹேமலதாவுக்குக் கேட்ட வைத்தியம்

பல்லடம் பக்கத்துக் கல்குவாரியில் ஒன்றாக வேலை பார்த்த கவியரசுக்கும் அவர் மனைவி ஹேமலதாவுக்கும் ஒரே வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் வந்தது. கோவை ஆஸ்பத்திரியில் இருவரிடமும் இரத்தம் எடுத்தார்கள். உடம்பின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்களையே மருந்தாக்கும் செல் சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்பதை அந்த இரத்தமே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

"அம்மா உடம்புக்கு இது கேக்கும். அய்யாவுக்குக் கேக்காதுங்க. மாத்திரையில கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம், முழுசாக் குணமாகாது" என்றார் டாக்டர் ரெஜினா.

வெளியே வந்ததும் ஹேமலதா, "உங்களுக்கு இல்லாத வைத்தியம் எனக்கும் வேண்டாங்க" என்றாள்.

கவியரசு சிரித்தார். "ரெண்டு பேரும் இந்த வைத்தியத்துல படுத்துக்கிட்டா கஞ்சி காய்ச்சறது யாரு? எனக்குக் கேக்காதுன்னு இப்பவே தெரிஞ்சதாலதான் நான் வீணாப் படுக்காம நடமாடிட்டு இருக்கேன். நீ தைரியமா போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

அவளுடைய எதிர்ப்பு அணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, திரும்ப ஏற்றினார்கள். காய்ச்சல் கொதித்தது. ஆள் தெரியாமல் உளறினாள். கவியரசு இருமலை அடக்கிக்கொண்டு நெற்றியில் ஈரத்துணி போட்டார், வாயில் கஞ்சி ஊட்டினார்.

தை மாத ஸ்கேனில் அவள் நுரையீரல் சுத்தமாக இருந்தது. ஹேமலதாவுக்குக் கணவனைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது. அவரோ முகமெல்லாம் சிரிப்பாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு புள்ளிகூட இல்லியே டாக்டரம்மா! இன்னொருக்கா காட்டுங்க."

ஊருக்கு பஸ் ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஹேமலதா முன்னால் ஏறி, இரண்டு கையாலும் அவரைப் பிடித்து மேலே தூக்கினாள். அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.