எங்க முறை இல்லைங்க

முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கீழ்வீட்டு நர்ஸ் அக்காவின் கட்டிலடி வரை தண்ணீர் போய்விட்டது. அன்று திங்கட்கிழமை. சாயங்காலமே மாடிப்படியில் கூட்டம்.

மொத்தம் எட்டு வீடு. ஞாயிறுதோறும் ஒரு வீடு சாக்கடையைச் சுத்தம் செய்ய வேண்டும். பட்டியல் அப்பாவிடம். அவர்தான் செயலாளர்.

"நேத்து யாரு செஞ்சிருக்கணும்?" என்றார் நர்ஸ் அக்கா.

"வேற யாரு?" அப்பா மேலே கண்ணைக் காட்டினார்.

மேல்மாடித் தையல்காரர் படியில் நின்றார். குடிவந்து ஆறு மாதம். அவர்கள் சாமி வேறு, பாஷை வேறு. நம் பேச்சை இப்போதுதான் தட்டுத் தடுமாறிக் கற்கிறார்.

"எங்க முறை இல்லைங்க" என்றார்.

அவ்வளவுதான்.

"சாக்கடை அள்ளுறது அவங்க வழக்கமில்லையாம், கேட்டுக்குங்க" என்றார் பஸ் டிரைவர் மாமா. "எங்க பரம்பரை மட்டும் சாக்கடையிலயா பொறந்துச்சு?"

"உங்க முறையை எல்லாம் உங்க கதவுக்கு உள்ள வெச்சுக்குங்க" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

"அது இல்ல தங்கச்சி, முறைன்னா..." வார்த்தை கிடைக்காமல் ஒவ்வொரு கதவாகக் கையைக் காட்டினார். யார் பார்த்தது?

அப்பா தொண்டையைச் செருமினார். "எந்தச் சாமியை வேணா கும்பிடுங்க, எந்த பாஷை வேணா பேசுங்க. யாரும் கேக்கல. ஆனா சாக்கடை எட்டு வீட்டுக்கும் பொது."

நன்றாகத்தான் பேசினார். அந்தப் பேச்சில் இன்றைக்கும் தப்புச் சொல்ல மாட்டேன்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவர்களுடைய ஓனருக்குக் கடிதம் எழுதுவதென்று முடிவானது. எல்லாக் கையும் உயர்ந்தது. தையல்காரர் மனைவி பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. தேதி பார்க்க அப்பாவின் பட்டியலை எடுத்தேன்.

நேற்றைய தேதிக்கு நேரே எங்கள் வீட்டு நம்பர். நாங்கள் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்த நாள்.

அந்த மனுஷன் சொன்னது வழக்கத்தை இல்லை. வாரத்தை.

"அப்பா, நேத்து நம்ம வாரம்ப்பா."

அப்பா தலையைத் தூக்கவில்லை.

"தெரியும். நீ எழுது."

ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.