சாயாத வெளிச்சம்

"சார், ஒரு விஷயம்..."

"சித்த வாயை மூடிண்டு இரு, அம்சவேணி! பத்து மணிக்கு மெட்ராஸ்லேர்ந்து, நம்ம ஆராய்ச்சிக்குப் பணம் குடுக்கற கமிட்டியோட டாக்டர் கலியாணசுந்தரம் வர்றார். இன்னிக்கும் இந்த முள் ஆடித்துன்னா என் மூணு வருஷ ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான்."

பௌதிகப் பேராசிரியர் கிருஷ்ணஸ்வாமி பேசுவது ஆய்வுக்கூட அட்டெண்டரிடம்தான். குரல் மட்டும் உலக விஞ்ஞான மாநாட்டுக்கு.

மேஜைமேல் ஒரு மரப்பெட்டி, அதற்குள் லேசர். பெட்டியின் துளை வழியே வரும் சிவப்பு ஒளி, கண்ணாடி இழைக்குள் ஓடி மறுமுனையில் மீட்டரின் முள்ளை நகர்த்தும். இழையை அழுத்தினால்தான் முள் அசைய வேண்டும். அந்தச் சனியனோ, இத்தனை நாளும் சும்மா இருக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தது.

"அது ஏன் சார் அப்படி ஆடுது?"

"சாதா விளக்கோட ஒளி எல்லாப் பக்கமும் அதிரும். லேசர் ஒரே பக்கமாத்தான் அதிருவேன்னு அடம் பிடிக்கும். இழை துளி முறுக்கிண்டாலும் முள் ஆடிடும். அந்தப் பிடிவாதத்தை ஒழிக்கத்தான் நடுவில படிகம் வெச்சிருக்கேன்."

"நம்ம ஊர்ல வடகலை தென்கலையையே ஒழிக்க முடியல, இத்தப் போயி... அது கெடக்கட்டும் சார், நான் இன்னா சொல்ல வந்தேன்னா..."

"போய் காபி வாங்கிண்டு வா! போ!"

கலியாணசுந்தரம் வந்தார். இழையை முறுக்கினார். முள் அசையவில்லை. மீட்டருக்கு முன்னாலிருந்த, ஒரு பக்க அதிர்வை மட்டும் உள்ளே விடும் போலராய்டுக் கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருகினார். ஊஹும். இழையை விரலால் அழுத்தினார். முள் சட்டென்று நகர்ந்தது.

கிருஷ்ணஸ்வாமியே நம்பாமல் குனிந்து முள்ளை ஒருதரம் உற்றுப் பார்த்தார். அடுத்த கணம் மார்பு விரிந்தது.

"எப்படி ஐயா சாதிச்சீர்?"

"எல்லாம் என் படிகம்! அமெரிக்காக்காரனே இனிமே செவிலிமேட்டு பஸ் பிடிச்சு என் ஆத்துக்கு வந்து கத்துக்கணும்."

"பிரமாதம்! ஆராய்ச்சி தொடரட்டும்" என்று கைகுலுக்கிவிட்டு அவர் காரேறினார்.

கிருஷ்ணஸ்வாமி கோட்டை நீவிக்கொண்டு திரும்பினார். "ம், இப்போ சொல்லித் தொலை. கார்த்தாலேர்ந்து என்ன தொணதொணப்பு?"

அம்சவேணி காபியை மேஜையில் வைத்தாள்.

"நேத்து தொடைக்க சொல்ல லேசர் கீழ வுழுந்து உடைஞ்சிடுச்சு சார். பெட்டி இருட்டா இருந்தா கத்துவீங்களேன்னு, வாட்ச்மேன் டார்ச்சுல சிவப்புக் காகிதம் சுத்தி உள்ள வெச்சிருக்கேன்."