பந்தாயிடம் சொல்லி அனுப்பியவை

“பந்தாய், உங்கப்பாகிட்ட சொல்லு. நான் கிளம்பிட்டேன்.”

பெர்லிடா அக்கா கேட்டில் நின்றபடி இதைச் சொன்னார். பந்தாய் என்பது அவர்கள் வீட்டு நாய். அப்பா என்பது அக்காவின் கணவர் அர்செனியோ அண்ணன். அவர் கைக்கெட்டும் தூரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“போறவங்கள யாரு பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு கேளு, பந்தாய்” என்றார் அண்ணன், செடியைப் பார்த்து.

வெளியே, மோட்டார் சைக்கிளோடு பெட்டி பொருத்திய வாடகை டிரைசைக்கிள் காத்திருந்தது. அதன் பக்கப்பெட்டியில் அக்காவின் துணிப்பை ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்டது. லுசேனா நகரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறார். அடுத்த திருவிழாவுக்குத்தான் திரும்புவாராம். இதை நேற்று நாயிடம் அறிவித்தார். தெரு முழுக்கக் கேட்டது.

எதிரே என் பெட்டிக்கடை. அன்று காலை எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை. அக்கா போகக்கூடாது என்றிருந்தது. அதைச் சொல்ல வேண்டியவரோ செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

எல்லாம் இந்த வருஷத் திருவிழாவில் ஆரம்பித்தது. தெருவில் கரோக்கி மெஷின் வைத்திருந்தோம். அக்கா கண்ணை மூடி உருகி உருகிப் பாடினார். மெஷின் நூற்றுக்கு எழுபத்திரண்டு மார்க் போட்டது. அண்ணன் அதோடு சும்மா இருந்திருக்கலாம். கைதட்டிச் சிரித்தார். போதாததற்கு மைக்கை வாங்கி அதே பாட்டைப் பாடித் தொண்ணூற்றெட்டு எடுத்தார்.

அன்றிலிருந்து அக்கா அவரோடு நேராகப் பேசுவதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் இப்படி ஊடினால் எதற்கென்று சொல்ல மாட்டார்கள். புருஷன்தான் புரிந்துகொண்டு, குழைந்து, கெஞ்சிக் கூட்டி வரவேண்டும். அண்ணனுக்கு ரொட்டி வாங்கத் தெரியும், குழாய் ரிப்பேர் பார்க்கத் தெரியும். கெஞ்ச மட்டும் தெரியாது.

ஆகவே பந்தாய் தூது போனது. பூண்டுச் சோறு ஆறுகிறது, சோப்பு தீர்ந்துவிட்டது, சட்டையில் பட்டன் இல்லை, எல்லாம் அதனிடம்தான். காலடியில் நிற்கிற நாயிடம் எதற்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அக்கா அதற்குத் தட்டு வைக்கும்போது தரையில் இரண்டு முறை ஓங்கி மிதிப்பார். புருஷன் மேல் இருக்கிற கோபம் என்று நினைத்துக்கொள்வேன். அண்ணன் ரொட்டிக்கடைக்குக் கிளம்பும்போது தோளில் கிடக்கும் மஞ்சள் துண்டை எடுத்து இப்படியும் அப்படியும் வீசுவார். ஈ ஓட்டுகிறார் போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன்.

பந்தாய் என்றால் எங்கள் பேச்சில் காவல்காரன். காவல்காரன் இப்போதும் தூங்கப் போய்விட்டது. தெருவைக் குறுக்கே வெட்டிப் போகும் சாக்கடை மேல் ஓர் இரும்புத் தகடு போட்டிருக்கிறது. காலை வெயிலில் அது சுகமாகச் சூடேறும். பந்தாய் அதன் நட்டநடுவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டது.

அக்கா டிரைசைக்கிளில் ஒரு காலை வைத்தார். வைத்தவர் ஏறாமல், கேட்டில் ஏதோ மறந்துவிட்டதுபோல் திரும்பிப் பார்த்தார். அண்ணன் வாளியைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் ஊற்றினார்.

அப்போதுதான் என் கடைக்கு வரும் ஐஸ் வண்டி தெருவுக்குள் பின்பக்கமாக வந்தது.

நான் கத்தினேன். டிரைசைக்கிள்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஐஸ் வண்டிக்காரர் பாட்டை அலறவிட்டுக்கொண்டு வந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. பந்தாயின் காதுகூட அசையவில்லை.

அக்கா ஓடினார். அண்ணனும் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். ஆச்சரியம், இருவருமே அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அக்கா தகட்டின் ஓரத்தில் காலால் இரண்டு முறை ஓங்கி மிதித்தார். தகடு அதிர்ந்தது. பந்தாய் திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியது.

தூக்கிய தலைக்கு எதிரே, கேட்டருகில், அண்ணன் மஞ்சள் துண்டை வீசிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஒரே பாய்ச்சலில் அண்ணனிடம் வந்து சேர்ந்தது.

ஐஸ் வண்டி தகட்டைத் தடதடவென்று தாண்டி என் கடை முன்னால் நின்றது.

அக்கா அண்ணன் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். அண்ணன் அக்காவின் காலைப் பார்த்தார்.

“இதுக்குக் காது கேக்காதுன்னு உனக்கு எப்பத் தெரியும்?” என்றார் அண்ணன். நாயிடம் அல்ல.

“திருவிழாவுக்கு ரொம்ப முன்னாடியே. உங்களுக்கு?”

“அதுக்கும் முன்னாடி.”

அக்கா முகம் சிவந்துவிட்டது. அண்ணனுக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பூண்டுச் சோறும் சோப்பும் பட்டனும் யாருக்காகக் கத்தினார்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் போய்த் துணிப்பையை இறக்கினார். அதை மார்போடு அணைத்துக்கொண்டு கேட் வரை வந்தவர் நின்றார். குனிந்து, பந்தாயிடம், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

“உங்கம்மாகிட்ட சொல்லு. அன்னைக்கு அந்த மெஷின்தான் ரிப்பேரு.”

அக்கா வந்த சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டார். அவரும் குனிந்தார்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, பந்தாய். முதல்ல பேசினது அவருதான்.”

பந்தாய் அதற்குள் தகட்டுக்கே திரும்பிப் போய்த் தூங்கிவிட்டிருந்தது.